வடகிழக்கு

சட்பரியில் திசைகாட்டி பொய் சொல்லும்.
தரைக்குள் கிடக்கும் நிக்கலும் இரும்பும்
முள்ளைத் தம் பக்கம் இழுத்துக்கொள்ளும்.
வானிலிருந்து விழுந்த கல் தோண்டிய பள்ளம் இந்த ஊர்.
மக்காவிலும் ஒரு கல் உண்டு, மூலையில்.
அதன் வரலாறு வேறு; என் அளவைக்குள் வராது.

பதினோரு வருடமாய்ச் சுரங்கத்தில் அளவெடுக்கிறவள் நான்.
மூடிக்கிடந்த பௌலிங் கூடத்தை வாங்கியவர்கள்
அதனால்தான் கூப்பிட்டார்கள்:
"கிப்லா எந்தப் பக்கம்? அதை மட்டும் சொல்லுங்கள்."

மட்டும்.

கொர்தோபாவின் பெரிய பள்ளி
ஏறக்குறைய தெற்கே பார்த்து நிற்கிறது இன்றும்.
பிழை என்று யாரும் இடிக்கவில்லை;
ரோமானியர் விட்டுப்போன தூண்களைக் கொண்டுவந்து
இன்னும் நீளமாக்கினார்கள்.
மதீனாவில் ஒரு தொழுகையின் நடுவிலேயே
ஜெருசலேமை விட்டு மக்காவுக்குத் திரும்பியது வரிசை,
கலையாமல்.

அப்திரிஸாக் மகளின் பூமி உருண்டையை எடுத்துவந்தார்.
சட்பரியில் ஒரு விரல், மக்காவில் ஒரு விரல்,
இடையே தையல் நூல்.
இறுக்கியதும் லாப்ரடோர் மேலேறி
ஐரோப்பாவில் இறங்கியது அது.
"தென்கிழக்கு அல்லவா?" என்றார் மெவ்லுதின்,
போஸ்னியாவில் கொத்தனாராக இருந்தவர்.
நூல் தளரவில்லை.

மறுநாள் உச்சிவேளை
வாகன நிறுத்தத்தில் பனிவாரியின் கம்பை நட்டு
நிழலை அளந்தேன்.
உள்ளே சுண்ணாம்புக் கோடு இழுத்தபோது
எந்தச் சுவரோடும் அது ஒத்துப்போகவில்லை.
நேரே போய் ஒரு மூலையைக் குத்தியது.

ஆகவே எங்கள் மிஹ்ராப் ஒரு மூலை,
காலணி வாடகைக்குக் கொடுத்த மேசை இருந்த இடம்.
முதல் ஸஃப்பில் மூன்று பேர்தான் நிற்கலாம்.
அடுத்ததில் ஏழு. நடுவில் அறுபது.
பிறகு சுருங்கிச் சுருங்கி
பின்மூலையில் மறுபடி மூன்று.

முதல் வரிசையின் நன்மை தெரிந்தால்
சீட்டுக் குலுக்குவார்கள் என்கிறது ஹதீஸ்.
குலுக்கினார்கள்,
பழைய ஸ்கோர் தாள்களைக் கிழித்து.
நான்கு வெள்ளி தோற்ற மெவ்லுதின்
என்னைத் தனியாகப் பிடித்துக் கேட்டார்:
"கட்டடத்தைக் கொஞ்சம் திருப்ப முடியாதா?"

பின்மூலை பெண்களுக்கு.
பின்கள் நின்று விழுந்த இடம்.
நசீகா, அவள் இடுப்பில் குழந்தை, நான்.

கம்பளம் விரிக்குமுன் பார்த்துவைத்திருந்தேன்:
மேப்பிள் பலகையில் பதித்த கறுப்பு அம்புகள்,
பந்து உருட்டுகிறவருக்கு வழி காட்ட.
அத்தனையும் மேற்கே.

கீழக்கரையில் கிப்லா மேற்கு.
"மேக்கே கால் நீட்டாதே" என்று
உறங்குகிற என்னை உம்மா திருப்பிப் போடுவாள்.
இங்கே இருபது குளிர்காலம் கழிந்தும்
என் கால் அந்தப் பக்கம் நீளுவதில்லை.

இமாம் தக்பீர் சொல்கிறார்.
நான் அளந்த வடகிழக்கில்தான் நிற்கிறேன்,
சந்தேகமில்லை, இரண்டு முறை சரிபார்த்தது.
முன்னால் ஆண்கள் குனிகிறார்கள்.
அவர்களுக்கும் கீழே, கம்பளத்துக்கும் கீழே,
அம்புகள்
எங்கள் பக்கம் பார்த்தபடி,
எங்களையும் தாண்டி.