இருநூறுக்கு மேல் மூன்று

காவேரிப்பாக்கம் ஏரியில் தண்ணீர் நிற்கும்போதே
போட்டியை முடித்தாக வேண்டும்.
பதினேழு படகுகள், தூக்கினால் இடுப்பில் வைத்துக்கொள்ளலாம்.
ரிமோட்டில் சுக்கானும் பாய்க்கயிறும் மட்டும். மோட்டார் தள்ளக் கூடாது.

நான் அளவு பார்ப்பவன்.
வாரநாட்களில் ராணிப்பேட்டை ஆலையில்
குழாய் வெல்டிங்கில் குறை தேடுகிறேன்.
கடலை நான்கு முறை பார்த்திருக்கிறேன்,
நான்கும் பஸ் ஜன்னலில்.

விதி இது:
பாயின் நடு அகலம் இருநூறு மில்லிமீட்டர்,
சமதளத்தில் விரித்து,
சுருக்கம் போகுமளவு மட்டும் இழுத்து.

குடைத்துணி, பட்டத்தாள்,
குடியாத்தம் பையன்களின் டிரேசிங் பேப்பர்
எல்லாம் அப்பளம் போல் படிந்தன மேஜையில்.
பின்காற்றில் ஓடும்.
எதிர்காற்றில் கதவு மாதிரி நிற்கும்.

மேல்விஷாரம் சுமையா
ஷூ கம்பெனியில் மேல்தோல் தைக்கிறவள்.
அவள் பாயில் நாலு துண்டு.
பிறையாய் வெட்டிய ஓரத்தை
நேர் ஓரத்தோடு வைத்துத் தைத்திருந்தாள்.
குதிகாலுக்குக் குழி வருவது போல்
பாய்மரத்திலிருந்து மூன்றில் ஒரு பங்கு தள்ளி
வயிறு வந்திருந்தது.

அழுத்தினேன்: இருநூற்று மூன்று.
விட்டேன்: நூற்றுத் தொண்ணூற்றெட்டு.

"எத எழுதப் போறீங்க சார்?"
"சுருக்கம் போற அளவுக்கு..."
"அது சுருக்கம் இல்ல சார், ஷேப்பு."

கட்டைவிரல் எத்தனை கிராம் அழுத்தலாம் என்று
விதியில் இல்லை.
வரிசையில் பின்னால் ஆறு பேர். வெயில்.
இருநூற்று மூன்று என்று எழுதினேன்.

புகார் கொடுக்க ஐநூறு ரூபாய் டெபாசிட்.
அவள் கத்தரியை எடுத்தாள்.
பின்விளிம்பில் மூன்று மில்லி,
உச்சியிலிருந்து அடிவரை, கை நடுங்காமல்.
மடிப்புத் தையலும் அதோடு போயிற்று.

முதல் சுற்றில் மற்றவர்கள்
ஐம்பது டிகிரிக்குக் காற்றைக் கிழிக்க
அவள் நாற்பதில் ஏறினாள்.
"ஸ்டார்போர்டு!" என்றாள் ஒருமுறை,
வழிவிடாதவன் தண்டனையாய் ஒரு வட்டம் அடித்தான்.
இரண்டாம் சுற்றில் வெட்டிய ஓரம் பிரிந்து
படபடவென்று அடித்துக்கொள்ள ஆரம்பித்தது.
அந்தச் சத்தம் கரைவரை கேட்டது.
நான்காவதாக வந்தாள்.
படகைத் துடைத்துப் பையில் வைத்தாள்,
என் பக்கம் பார்க்கவில்லை.

மேஜைக்காலில் சிக்கியிருந்தது அந்த மூன்று மில்லி நாடா.
ஏன் என்று தெரியாது, பைக் கண்ணாடியில் கட்டினேன்.
வாலாஜா வரை என் வேகத்துக்கு
விறைப்பாய்ப் பின்னால் பறந்தது.
சுங்கச்சாவடியில் நின்றேன்.
தொங்கும் என்று நினைத்தேன்.
முதுகுப்பக்கம் வாடைக்காற்று.
நாடா மெல்லத் திரும்பி
முன்னால் நீண்டது.