பதினைந்து கிராம்

வன்கூவரிலிருந்து டொனேஷியன் அனுப்பிய பெட்டியில்
மூன்று மிதவைகள். சமன் மீனுக்காம்.
ரின்னுக்குள் தவிர நான் அதைக் கண்டதில்லை.
செம்மஞ்சள் தலை, வயிற்றில் பதினைந்து கிராம்.
ஆறு இழுக்கும், பாரம் வேணும் என்று
ஒரு குரல்பதிவும்.

எங்களிட்ட ஆறு இல்லை, மச்சான்.
வத்து நேரம் பண்ணைத் தண்ணி
முழங்காலுக்கு மேல் ஏறாது.
ஓரா இரையைத் தொடுவது
கடன் கேட்க வந்தவன் கதவைத் தட்டுகிற மாதிரி.
உன் மிதவைக்கு அது கேளாது.

பாட்டாச் செருப்பின் குதியை
பிளேட்டால் சீவி வைத்திருக்கிறேன், நகமளவு.
ஈயம் ஒரு மணி. பிறகு இன்னொரு அரை.
ஒரு அரிசி நீளம் வெளியே தெரிந்தால் போதும்,
மிச்சமெல்லாம் தாழவேணும்.

ஆனால் நேற்று
பெருக்குத் திரும்பினபோது
மூன்றாம் மதகுக்குள்ளால் கடல்
ஆறு மாதிரியே ஓடிச்சு.
செருப்புத் துண்டு படுத்துப் படுத்துப் போச்சு.
பேசாமல் உன்னுடையதைக் கட்டினேன்.

நிமிர்ந்து நின்றது.
நின்றபடியே பாலத்துக்குக் கீழால் நடந்தது,
வழி தெரிந்த ஆள் மாதிரி.
மறுபக்கம் ஓடிப்போய் எட்டிப் பார்த்தால்

செம்மஞ்சளைக் காணேல்லை.

மீனோ, சிப்பிக் கல்லோ.
நங்கூசி விரலை அறுக்குது.
பொறு, பிறகு எழுதுறன்.