பதினெட்டு மீட்டர் சிவப்பு

யூனியன் எல்லப்பன் பின்வாசல் வழியாக வந்தார்.
பழைய பேப்பரில் சுற்றிய துணிக்கட்டு
கக்கத்தில்.
தடை நீங்கி ஐந்து மாதம்;
பழக்கம் நீங்கவில்லை.

"பதினெட்டு மீட்டர் இருக்கு, சவுந்தலை.
முப்பது கொடி.
வெள்ளி ராத்திரி ஜோகன்னஸ்பர்க்குக்கு பஸ்."

சட்டைக் காலர் என்றால் கண்ணை மூடிக்கொண்டு வெட்டுவேன்.
பகலெல்லாம் ஜேக்கப்ஸ் தொழிற்சாலையில்
காலர், காலர், காலர்.
ஆனால் அரிவாளின் பிடி எந்தப் பக்கம்?
சாட்ஸ்வொர்த் ஏழாம் யூனிட்டில்
யாருக்கும் தெரியவில்லை.
நாற்பது வருஷம்
அந்தப் படம் வீட்டில் இருந்தால் ஜெயில்.

நான் பார்த்த ஒரே கொடி
போன டிசம்பர் லீவில், டிவியில்.
புகாரெஸ்ட் என்றார்கள்.
கொடியின் நடுவே சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஓட்டை.
சின்னத்தைக் கத்தரித்து எறிந்துவிட்டு
ஓட்டையைப் பறக்கவிட்டார்கள்.
என் புருஷன் சோற்றைப் பிசைந்தபடி
"இன்னொண்ணும் போச்சு" என்றான்,
விக்கெட் விழுந்த மாதிரி.
எனக்கோ, ஓரம் மடிக்காமல் விட்டிருக்கிறார்களே,
காற்றில் பிரிந்துவிடுமே என்றுதான் ஓடியது.

வெட்டிய வட்டம் எங்கே போயிருக்கும்?
கிடைத்தால் அளவெடுத்துக்கொள்ளலாம்.

எதிர்வீட்டு வள்ளிமா சுவர்மேல் எட்டிப் பார்த்தாள்.
"அங்கே வீடே பத்தி எரியுது,
நீ இங்கே அதுக்குக் கதவு செய்யிறியா?"
பதில் வரவில்லை.
மஞ்சள் நூல் தீர்ந்திருந்தது.

வியாழக்கிழமை எல்லப்பன் ஒருவரைக் கூட்டிவந்தார்.
தம்புசாமி ரங்கன்.
இருபத்துநாலு வருஷம் நாட்டுக்கு வெளியே.
லைப்ஸிக்கில் படித்தவராம்;
டர்பன் ஜூலைக்குத் தேவையில்லாத கனத்த கோட்டு.
ஒரு கொடியை எடுத்து விளக்கடியில் பிடித்தார்.
நெடுநேரம் பிடித்திருந்தார்.
"அரிவாள் இடம் வலம் மாறியிருக்கு, அக்கா."
பிரிப்பதற்கு ஊசி எடுத்தேன். கையைத் தடுத்தார்.
"விடுங்க. சரியாத் தெரிஞ்சவங்க எல்லாரும்
அவங்கவங்க கொடியைப் பிரிச்சுக்கிட்டிருக்காங்க."
சிரித்தார். பிறகு சிரிக்கவில்லை.
அன்று வீட்டில் மீன் குழம்பு.
மூன்று தடவை போட்டுக்கொண்டார்.

அக்டோபரில்
அவருடைய சான்றிதழில் முத்திரை குத்திய தேசமே
இல்லாமல் போனது.
நகல் வேண்டுமென்றால் இனி யாருக்கு எழுதுவது என்று
எல்லப்பனிடம் கேட்டாராம்.

பஸ் போனது. முப்பது கொடியும் போயின.
மைதானம் சிவந்திருப்பதைச் செய்தியில் காட்டினார்கள்.
டிவிக்கு ஒட்டி உட்கார்ந்து என்னுடையதைத் தேடினேன்.
அவ்வளவு தூரத்தில்
எல்லா அரிவாளும் ஒன்றுதான்.

மிச்சம் நாலு மீட்டர்.
ஆடி மாதம்; கூழ் ஊற்றும் ஞாயிறு.
மாரியம்மனுக்குப் பாவாடை தைத்தேன்.
எங்கே வாங்கிய துணி என்று பூசாரி கேட்கவில்லை.
அவளும் கேட்கவில்லை.

பதின்மூன்று வருஷம் கழித்து
தொழிற்சாலைக்குப் பூட்டு.
கடைசி நாள் மேனேஜர் ஒரு பெட்டியைப் பிரித்து
மேஜைமேல் கொட்டினார்,
எதனிடம் தோற்றோம் என்று நாங்களே பார்க்கட்டும் என.
சீனச் சட்டைகள்.
கப்பல் கூலி சேர்த்தும்
எங்கள் நூல் செலவைவிட மலிவு.
தோகோசிலே கேட்டாள்:
"அங்கே இன்னும் நம்ம கட்சிதானே ஆளுது?"
எல்லப்பன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
துடைத்துக்கொண்டே இருந்தார்.

நான் ஒரு சட்டையை எடுத்து உட்புறம் திருப்பினேன்.
காலர்.
அங்குலத்துக்குப் பன்னிரண்டு தையல், முனை கூர்மை.
எவளோ கெட்டிக்காரி.
ஒரே இடத்தில், இடது முனையில்,
பின்தையல் போடாமல் விட்டிருக்கிறாள்.
மணியடித்திருக்கும்,
பிள்ளைக்குக் காய்ச்சலாக இருந்திருக்கும்,
அல்லது வெறும் தூக்கம்.
நூல் தொங்கியது.
முடிச்சிட்டு, பல்லால் கடித்து அறுத்து,
மடித்து
அந்தப் பெட்டியிலேயே வைத்தேன்.