ஆணி அடிக்கக் கூடாது

கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் மூடியிருந்தது.
சரக்கு வண்டி, நாற்பத்திரண்டு டேங்கர்.
ஆட்டோவில் என் மடியில் அவள் கிதார்,
அவள் மடியில் என் மீன்பெட்டி.
காசிமேட்டில் நூற்றிருபது ரூபாய்க்கு எடுத்தது,
எத்தனை முறை கழுவினாலும் சங்கரா வாசம்.
அதைத் தட்டித்தான்
பதினான்கு வருஷம் தாளம் போட்டேன்.

கேட்டுக்குக் காத்திருந்த கல்யாண காரிலிருந்து
ஒரு குத்துப்பாட்டு.
வனரோஜா அதையே முணுமுணுத்தாள்,
பாதி வேகத்தில்,
பிறகு அதிலும் பாதியில்.
முப்பதாவது டேங்கர் போகும்போது
அது, பெண்ணை அனுப்பிவிட்டு
வாடகை நாற்காலிகளை எண்ணிக்கொடுக்கும்
ஒருத்தரின் பாட்டாகியிருந்தது.
ஒரு சொல்லையும் அவள் மாற்றவில்லை.

போனில் எடுத்துப் போட்டது என் மச்சான்.
ஒரே வாரத்தில் மூன்று லட்சம் பேர்.
அப்புறம் பெசன்ட் நகரில் காபிக் கடை,
பெங்களூரில் யாரோ ஒருவரின் மொட்டைமாடி.
அறிமுகம் செய்தவர்கள் எல்லாரும்
வடசென்னையின் குரல் என்றார்கள்.
"என் தொண்டைக்கு இன்னா, பின்கோடு கீதா?"
என்பாள் மேடைக்குப் பின்னால்,
வெந்நீரில் உப்பைக் கலக்கியபடி.

டெபாசிட் இழந்த கட்சி ஒன்றின்
பிரச்சாரப் பாட்டைத் தாலாட்டாக்கினாள்.
பழைய மழைப் பாட்டிலிருந்து
மழை என்ற சொல்லை மட்டும் எடுத்துவிட்டு
அது வரவேண்டிய இடங்களில் சும்மா நின்றாள்.
வியாசர்பாடியில் பாடியபோது
தண்ணீர் லாரிக்குக் குடம் வைத்துவிட்டு வந்தவர்கள்
அந்த இடைவெளிகளில்
ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

ஆடியோ கம்பெனி நோட்டீஸ் அனுப்பியது.
அனுமதியின்றி, எங்கள் உடைமையை, உருமாற்றி.
தண்டையார்பேட்டை வீட்டுக்காரர் பேசுற மாதிரியே கீது
என்று சிரித்தாள், ஏழு வீடு மாறியவள்.
ஏழிலும் ஒரே விதி,
சுவரில் ஆணி அடிக்கக் கூடாது.
"நீ அடிச்சியா?"
"எல்லா வீட்லயும். காலண்டருக்குப் பின்னால."

அவளே எழுதிய பாட்டு ஒன்பது இருந்தன.
மின்ட் தெருவில் ஒரு ஸ்டூடியோவில்
குட்டியானைகள் ஓய்ந்த பிறகு,
ஏசியை நிறுத்தி, வியர்த்துக்கொண்டே பதிவுசெய்தோம்.
நூற்றி எழுபது முறை கேட்கப்பட்டன.
அதில் நாற்பது நான்.
மேடையில் அவற்றில் ஒன்றைத் தொடங்கினால்
கூட்டம் எழுந்து கழிவறைக்குப் போகும்,
கல்யாணப் பாட்டுக்குத் திரும்பி வரும்.
மீன்பெட்டியின் ஒரு மூலை உடைந்தது
அப்படியொரு ராத்திரியில்தான்.
அவள் எதுவும் சொல்லவில்லை,
உடைந்த துண்டை எடுத்து
கிதார் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

போன பொங்கலுக்கு எண்ணூர், தாழங்குப்பம்.
மணல்மேல் பலகை மேடை,
அனல்மின் நிலையத்துச் சாம்பல் மைக்கில்கூட.
"இது வேற ஒருத்தர் எழுதினது" என்றாள்.
"பேர் மறந்துட்டேன்.
பாடத் தெரியாம கெடுத்து வெச்சிருந்தாங்க."

தொடங்கியதும் எனக்குக் கை நின்றுவிட்டது.
ஒன்பதில் முதலாவது.
பேசின் பிரிட்ஜில் இறங்குகிறேன் என்று சொல்லிவிட்டு
இறங்காமல் போன ஒருவனைப் பற்றியது.
அழுது அழுது எழுதினாள் அப்போது, எனக்குத் தெரியும்.
இப்போது பல்லவியைத் தூக்கி எறிந்திருந்தாள்.
அழுகை இருந்த வரியில் ஒரு விசில்.
அவனுக்கு ஒரு ஜன்னலோர சீட்டும்
கையில் வேர்க்கடலையும் கொடுத்திருந்தாள்.
நான் ரெண்டு தட்டு பின்தங்கி,
ஓடிப்போய்ப் பிடித்துக்கொண்டேன்.
ஒருவரும் எழுந்து போகவில்லை.

ஒயரைச் சுருட்டும்போது
ஸ்பீக்கர்காரரோடு வந்த பையன் கேட்டான்,
"அக்கா, அந்த ரயில் பாட்டு
ஒரிஜினல் எங்க கெடைக்கும்?"
"தேடாத. நல்லா இருக்காது."

பெட்டியை அவனே ஆட்டோவரை தூக்கி வந்தான்.
வைக்குமுன் ஒருமுறை முகர்ந்து பார்த்து,
"சங்கராவா?" என்றான்.