பை ரன்

வியாழன் இரவு, மங்காஃப், பதினேழாம் அறையில் ஏலம்.
ஆளுக்கு நூறு புள்ளி, இல்லாத பணம்.
தவ்ஃபீக் இருபத்தெட்டுக்குப் போனான். சிக்ஸர் அடிப்பவன்.
ஜெபசீலனைக் கடைசியில்
ஒரு புள்ளிக்கு என் தலையில் கட்டினார்கள்.
போன சீசன் முழுக்க பதினொரு ரன்;
அதில் நாலு, மட்டை விளிம்பு போட்ட பிச்சை.

வெள்ளி காலை ஏசி குடோனுக்குப் பின்னால் மணல்.
முதல் கீப்பருக்கு ஓவர்டைம். இவன் இறங்கினான்.
லெக் சைடில் தாழ்ந்து வந்ததையெல்லாம்
முழங்காலால், நெஞ்சால், ஒருமுறை தாடையால்
நிறுத்தினான்.
பை ரன் பூஜ்யம்.
புள்ளி நோட்டில் அதற்குக் கட்டமில்லை.

மூணு ரன்னில் ஜெயித்தோம்.
எனக்கு அவனால் வந்தது ஒரு கேட்ச், எட்டுப் புள்ளி.
கடைசி இடம். பிரியாணி என் செலவு.

தாடையில் ஐஸ் வைத்தபடி கேட்டான்:
"அடுத்த வாரமும் எடுப்பியா?"
"விலை ஏறாம இருந்தா."
சிரிக்கப் போய் வலித்தது அவனுக்கு.