நாலு டெரா

மூணு மாசமாய்க் கணினியில் சிவப்புக் கோடு.
மிச்சம் பதினொரு ஜிபி.
ஒரு மருதாணி ராத்திரிக்கே காணாது.

இந்த ஒரே மேசையில்தான் எல்லாம்.
பகலில் கல்யாண வீடியோ வெட்டுகிறேன்.
அசருக்குப் பிறகு தம்பியின் நண்டுக் கம்பெனிக் கணக்கு.
ஒன்பது மணிக்கு மேல் மகன் இல்ஹாம்
யாரையாவது சுட்டுக்கொண்டிருப்பான்.
அவன் விளையாட்டு ஒன்றே நூற்றைம்பது ஜிபி.
ஏழு வருஷ நண்டுக் கணக்கும் சேர்ந்து
ஒரு பாட்டின் எடை வராது.

ராமநாதபுரம் கடையில் நெய்னா
பெட்டியைத் திருப்பிக் காட்டினார்:
"நொடிக்கு ஏழாயிரம், லாத்தா!"
என் மதர்போர்டு பழசு.
அதில் பாதிக்கு மேல் அதற்குத் தெரியாது.
கீழக்கரைச் சந்துக்குள் இன்னோவா வந்தாலும்
மீன்கார சைக்கிளின் பின்னால்தான் ஊர வேண்டும்.
இல்லாத ரோட்டுக்கு
நான் ஏன் காசு கொடுக்க?

இரவில் மச்சான் போனில் கேட்டார்,
ஒரே நாலு டெரா, ஒன்று ஏன் மலிவு?
மலிவானதில் ஒரு அறைக்கு நாலு பிட், மற்றதில் மூணு.
"பிட்டுன்னா?"
ஆள் மாதிரி வச்சுக்கங்க.
நாலு பேர் நெருக்கிப் படுத்தால்
ஒருவர் புரள எல்லாரும் எழும்ப வேண்டும்.
நிறைய எழுதினால் மூச்சு வாங்கும்.
தேராவில் பதினெட்டு வருஷமாய்
நாலாவது கட்டிலில் தூங்குகிறவர்
கொஞ்ச நேரம் பேசவில்லை.
"மூணு பேர் ரூமே எடு" என்றார்.

எத்தனை எழுதினால் தேயும் என்றும் போட்டிருந்தது:
இரண்டாயிரத்து நானூறு டெரா.
ஒரு வாரம் எண்ணிப் பார்த்தேன்.
நாளுக்கு அறுபது ஜிபி எழுதுகிறேன்.
நூற்றொன்பது வருஷம் வரும்.
எனக்கு இப்போது நாற்பத்தொன்று.
உப்புக்காற்று அதற்குள் ஜன்னல் கம்பியையே தின்றுவிடும்.

அப்புறம்தான் நெய்னா சொன்னார், அஞ்சு வருஷ வாரண்டி.
கெட்டால் அனுப்பிவையுங்கள், புதுசு வரும்.

அனுப்பவேண்டும்.

அதற்குள் இருப்பது பெண்கள் பகுதி.
கதவைச் சாத்திய பிறகு எடுத்தது.
அதற்காகத்தான் என்னைக் கூப்பிடுகிறார்கள்.
முடி அவிழ்ந்து ருஷ்தா சிரித்தது,
அறுபது வயது கமருன்னிசா
தொதல் தாம்பாளத்தைத் தலையில் வைத்து ஆடியது.
மேகத்தில் ஏற்றமாட்டேன் என்று
ஒவ்வொரு வீட்டிலும் வாக்குக் கொடுத்திருக்கிறேன்.
செத்த டிஸ்க் எதையும் மறப்பதில்லை,
என்னிடம் பேசமாட்டேன் என்கிறது, அவ்வளவுதான்.
வேறொரு ஊரில், வேறொரு மேசையில்
யாரிடமாவது பேசிவிடும்.
போன தடவை செத்ததை
அம்மிக் குழவியால் நானே உடைத்தேன்.
அந்த வாரண்டிச் சீட்டு
பெட்டிக்குள் மடிப்புக் கலையாமல் கிடக்கிறது.

மூணு பேர் ரூம், நாலு டெரா, நடுத்தர வேகம்.
சீட்டுப் பணம் இருபத்தாறாயிரம் போயிற்று.
ஒரு ஃபைலைக்கூட வைப்பதற்கு முன்பே
பூட்டுப் போட்டேன்.
இல்ஹாமுக்குத் தனியாக ஒரு பங்கு, பூட்டில்லாமல்.
அரை டெரா காலி. அதைத் தொடாதே என்றேன்.
"சும்மாதானேம்மா கிடக்குது?"
சும்மா கிடக்கத்தான்.

இஷா முடிந்து நகலெடுக்கத் தொடங்கினேன்.
பழசு கொடுக்கும் வேகத்தில்தானே புதுசு வாங்கும்.
நடுவில் கரண்ட் போய் யுபிஎஸ் கத்திற்று,
நல்ல வேளை, நாலு நிமிஷம்தான்.
சுபுஹு பாங்குக்குக் கொஞ்சம் முன்னால் நூறு சதவீதம்.

இருபத்துமூன்று எழுத்து.
எங்கேயும் எழுதி வைக்கவில்லை.
படுக்கும்போது ஆயத்துல் குர்சி ஓதி முடித்து
மனசுக்குள் ஒருமுறை சொல்லிக்கொள்கிறேன்.

நான் மறந்தால் எல்லாம் போச்சு என்று
வீடுவீடாய்ச் சொல்லியும் விட்டேன்.
இரண்டு பேர் முகம் சுளித்தார்கள்.
ருஷ்தாவின் உம்மா மட்டும்
"அதுவும் நல்லதுதான்" என்றாள்,
சின்னவள் கல்யாணத்துக்கு
முன்பணம் எண்ணிக்கொண்டே.