ஒரு டாலர் அறுபது சதம்

அடிலெய்டிலிருந்து இரண்டு மணிநேரம்
சுகந்தனும் நானும் பேசிக்கொள்ளவில்லை.
கேடல் துறையில் சாலை
தண்ணீருக்குள் இறங்கி நின்றுவிட்டது.

அக்கரையில் படகு.
எங்கள் ஒரு காருக்காக
இரும்புக் கயிற்றைப் பிடித்தபடி
சலிப்பில்லாமல் வந்தது.
"எவ்வளவு?" என்றேன்.
படகோட்டி லோரெய்ன் சிரித்தாள்:
"இதுவும் றோட்டுத்தானே."

ஊருக்குள் ஆளரவம் இல்லை.
வேலியோரம் தோடம்பழங்கள்,
பை ஐந்து டாலர்,
காசு போட ஒரு தகரப் பேணி.
எங்களிடம் வங்கி அட்டைகள் மட்டும்.
இருக்கை இடுக்குகளில் இருவருமாய்த் துழாவினோம்;
அவன் கை என் கையில் இடித்தது.
மூன்று டாலர் நாற்பது.

மீதிக்குச் சீட்டு எழுதி வைத்தேன்:
பாக்கி தர வருவோம்.
"வருவோமா?" என்றான்,
அன்றைக்கு முதன்முதலாய்.

கம் மரங்களில்
என் தலைக்கு ஒரு முழம் மேலே
ஏதோ ஒரு வெள்ளத்தின் கறை.
கூழைக்கடா ஒன்று
வேலையில்லாமல் மிதந்தது.

திரும்பும்போது
கார் முழுக்கத் தோல் உரித்த மணம்.
விதை துப்பக் கண்ணாடியை இறக்கினான்.
படகு காலியாகத்தான் நின்றது.
லோரெய்ன் கையால் மறித்தாள்:
பொறுங்கள்.
ஏற்றுப் பலகையில் ஒரு வாத்து,
பின்னால்
ஏழு.